கொன்றவனுக்குக் கண்ணீர்

தமிழ்த் திரையில் தோன்றிய ஒரு கொலைகாரனுக்காக மக்கள் ஆறு தசாப்தங்களாக அழுது வருகின்றனர். அவன் கையால் மாண்ட பெண்ணுக்காக எவரேனும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. ‘புதிய பறவை’யின் கவர்ச்சியைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலில் இந்தக் கண்ணீர்க் கணக்கைப் பார்த்தாக வேண்டும். பாடலின் இனிமை, நடிப்பின் மேன்மை, வண்ணத்தின் எழில் என்று மற்றவற்றையெல்லாம் எழுதிக் குவித்துவிட்டு இதனை மட்டும் விட்டுவிடுவது திறனாய்வு ஆகாது. இரசிகர் மன்றத்து வாழ்த்துமடலே ஆகும்.

1964 செப்டெம்பர் 12ஆம் நாள் வெளிவந்த படம் அது. சிவாஜி கணேசனின் சொந்த நிறுவனம் தயாரித்தது. தாதா மிராசி இயக்கினார். ஆரூர்தாஸ் உரையாடல் எழுதினார். கண்ணதாசனின் பாடல்களுக்கு விஸ்வநாதனும் இராமமூர்த்தியும் இசையமைத்தனர். எமது கல்முனைக் கரையோரத்தில் அப்படத்தை ஒரு முறையேனும் பாராதவர்கள் கூட அதன் பாடல்களை அறிவர். படமாளிகைக்குப் போவதைப் பெரியோர் விரும்பாத வீடுகளுக்குள்ளும் இலங்கை வானொலி தடையின்றி நுழைந்தது. மருதமுனையின் தறிச் சத்தத்தோடும் சாய்ந்தமருதின் தேநீர்க் கடை இரைச்சலோடும் அப்பாடல்கள் கலந்து ஒலித்தன. இன்று அதே படம் மாணவரின் கைத்தொலைபேசியில் ஓடுகிறது. ஆகவே இது பழைய படம் ஒன்றைப் பற்றிய பழைய பேச்சன்று. தலைமுறை தோறும் எம்மவர் உள்ளத்தில் புதிதாக விதைக்கப்படும் ஒரு நீதியுணர்வைப் பற்றிய பேச்சாகும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோபால் செல்வந்தன். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும்போது லதா என்னும் பெண்ணையும் அவள் தந்தையையும் சந்திக்கிறான். ஊட்டியிலுள்ள தன் மாளிகையில் அவர்களைத் தங்க வைக்கிறான்; காதல் மலர்கிறது. ஆனால் புகைவண்டியைக் கண்டால் அவன் நடுங்குகிறான். காரணத்தை லதாவிடம் கூறுகிறான்: அவனுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்தாள், சித்ரா என்று பெயர், இரவு விடுதியில் பாடியவள், அவளை விரும்பி மணந்தான், மணந்த பின்னரும் அவள் குடியையும் கேளிக்கையையும் விடவில்லை, அவளது நடத்தையைக் கண்ட அதிர்ச்சியில் அவன் தந்தை மாண்டார், பின்னர் அவள் தண்டவாளத்தில் வீழ்ந்து தற்கொலை செய்துகொண்டாள். இவ்வாறு கூறி லதாவைக் கைப்பிடிக்க அவன் ஆயத்தமாகும் வேளையில், “நான்தான் சித்ரா” என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் பொய்க்காரி என்று அவன் கதறுகிறான், நம்புவார் இல்லை. இறுதியில் தாங்க மாட்டாமல் உண்மையைக் கக்குகிறான். சித்ரா தற்கொலை செய்யவில்லை. அவளைத் தான் அறைந்ததாகவும், இருதய நோயாளியான அவள் அந்த அறையிலேயே இறந்துவிட்டதாகவும், பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையாகக் காட்டியதாகவும் ஒப்புக்கொள்கிறான். வந்த ‘சித்ரா’வும், அவளோடு வந்தவனும், லதாவும், லதாவின் ‘தந்தை’யும் பொலிஸ் துறையினர் என்பது அப்போது வெளியாகிறது. நடிக்க வந்த லதாவோ அவனை உண்மையாகவே காதலித்துவிட்டதாகச் சொல்லி நிற்கிறாள். கோபால் பெண்மையை வாழ்த்திவிட்டுக் கைதியாகச் செல்கிறான். படமாளிகை விம்முகிறது.

ஏன் விம்முகிறது? இதுவே வினா.

இத்தகைய படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் ‘கறுப்புப் படங்கள்’ என்று பெயரிட்டனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், அதுவரை வந்து சேராதிருந்த அமெரிக்கப் படங்களைப் பாரிஸ் நகரில் ஒருங்கே கண்ட நினோ ஃபிராங்க் என்பவர் 1946இல் அப்பெயரை வழங்கினார். நிழல் மண்டிய அறைகள், ஆசையால் வழுக்கி வீழ்ந்த மனிதர், மறைத்த குற்றம் மெல்ல மெல்ல வெளிவரும் கதையோட்டம் ஆகியவை அவற்றின் இலக்கணம். வண்ணப் படமாயினும் ‘புதிய பறவை’ அந்த இனத்தைச் சேர்ந்ததே. அமைதி இழந்த கோபால் தன்னைச் சூழும் நிழலுருவங்களின் நடுவே அலைந்து பாடும் காட்சி ஒன்றே அதற்குச் சான்று.

இவ்வினத்தின் கவர்ச்சி இழிவான கவர்ச்சி என்று நான் கூற வரவில்லை. குற்றமும் காமமும் மனித வாழ்வின் பகுதிகள். இலக்கியம் அவற்றைத் தொடாமல் இருக்க முடியாது. நல்ல கறுப்புப் படம் எம்மைக் குற்றவாளியின் நெஞ்சுக்குள் இருத்துகிறது. ஒழுக்கசீலன் என்று தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பவன், அந்த இருளில் உட்கார்ந்து, “நானும் இவ்வாறு செய்யக்கூடியவனே” என்று ஒரு கணம் திடுக்கிடுகிறான். அந்தத் திடுக்கீடு பயன் மிக்கது. ஆனால் திடுக்கிட வேண்டிய இடத்தில் எம்மைத் தாலாட்டி உறங்க வைக்கும் படம் எதுவோ, அது எம்மை ஏமாற்றும் படம். ‘புதிய பறவை’ செய்வது இந்தத் தாலாட்டு வேலையையே.

உரைகல்லாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ கறுப்புப் படங்களுக்குள் தலையாயது எனப் போற்றப்படுவது. ஜேம்ஸ் கெயினின் நாவலைத் தழுவியது. அந்த நாவலுக்கு வித்திட்டது 1927இல் நியூயோர்க்கில் ரூத் ஸ்னைடர் என்பவளும் அவள் காதலனும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்ற வழக்கு. படத்தில் காப்புறுதி முகவன் ஒருவன், வாடிக்கையாளரின் மனைவி மீது மோகங்கொண்டு, காப்புறுதிப் பணத்துக்காக அவளோடு கூடிக் கணவனைக் கொல்கிறான். பிணத்தை எங்கே போடுகிறார்கள்? புகைவண்டித் தண்டவாளத்தில்! கோபால் போட்ட அதே இடத்தில்! அங்கும் குற்றவாளியே தன் வாயால் கதை சொல்கிறான், இங்கும் அவ்வாறே.

ஒற்றுமை அத்துடன் முடிகிறது. அந்த அமெரிக்க முகவன் தான் ஏன் கொன்றான் என்பதைப் பூசி மெழுகுவதில்லை. பேராசை, மோகம் என்ற இரண்டையும் மேசை மீது வைக்கிறான். இறந்த கணவன் முரடன்தான். எனினும் அவன் முரடனாக இருந்தமையால் சாகத் தகுந்தவன் என்று படம் எம்மிடம் வாதாடவில்லை. அவன் மனைவி பொல்லாதவள்தான். ஆனால் அவள் பொல்லாதவளாவது கொலையில் பங்குகொண்டதனால். இங்கே சித்ரா செய்த குற்றம் யாது? அவள் எவரையும் கொல்லவில்லை. எவர் சொத்தையும் திருடவில்லை. குடித்தாள்; ஆடினாள்; பாடினாள்; கணவன் சொல்லைக் கேட்க மறுத்தாள்; அவனை விட்டுப் போக நினைத்தாள். இவ்வளவுதான் குற்றப்பத்திரிகை. இதற்குத் தமிழ்த் திரை வழங்கிய தீர்ப்பு மரணம். அதனை நிறைவேற்றியவனுக்கு வழங்கிய பரிசு எமது கண்ணீர்.

இக்கதை வந்த வழியைப் பார்த்தால் சூழ்ச்சி இன்னும் துலங்கும். ‘புதிய பறவை’க்கு மூலம் 1963இல் உத்தம் குமார் நடித்து வெளிவந்த ‘சேஷ அங்க’ என்னும் வங்கப் படம். அதற்கும் மூலம் 1958ஆம் ஆண்டின் ‘சேஸ் எ குரூக்கட் ஷடோ’ என்னும் பிரித்தானியப் படம். அந்த மூலத்தில் குற்றவாளி ஒரு பெண். மாண்டவன் அவளுடைய சகோதரன். அவன் மாண்டதன் பின்னணியில் வைரத் திருட்டு இருக்கிறது. தந்தையின் தற்கொலை இருக்கிறது. அந்தக் கதை கங்கைக் கரைக்கும் பின்னர் கூவக் கரைக்கும் வந்து சேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது? குற்றவாளி ஆணானான், மாண்டவன் பெண்ணானான், சகோதரி–சகோதரன் உறவு கணவன்–மனைவி உறவாயிற்று. தந்தையின் சாவு மட்டும் அப்படியே நிற்கிறது. வைரத் திருட்டு இருந்த இடத்தில் மதுக் கிண்ணமும் இரவு விடுதியும் வந்து அமர்ந்தன. மேலைநாட்டுக் கதையில் சகோதரன் மீது வெறுப்பு வர அவன் திருட வேண்டியிருந்தது. எம் கதையில் மனைவி மீது வெறுப்பு வர அவள் பாடினாலே போதுமாயிற்று.

சித்ராவின் பாட்டை எண்ணிப் பாருங்கள். படத்தில் மிகவும் விரும்பப்படும் பாடல்களுள் ஒன்று அவள் விடுதியில் பாடுவது. பி. சுசீலாவின் குரலில் வந்த அப்பாடலை முணுமுணுக்காத இசைப்பிரியர் எம்மில் எவர்? கோபால் அவள் மீது மையல் கொண்டதும் அந்த மேடையில் அவளைக் கண்டே. எந்தக் குரலுக்காக, எந்த ஒயிலுக்காக அவளை விரும்பினானோ, தாலி கட்டிய மறுநாளே அந்தக் குரலும் அந்த ஒயிலும் அவனுக்குக் குற்றமாகிவிட்டன. ஆண் தன் ஆசையை நுகர்ந்தால் அது காதல். பெண் தன் ஆசையை நுகர்ந்தால் அது ஒழுக்கக்கேடு. கப்பல், பியானோ, மலைநாட்டு மாளிகை என்று நவநாகரிக வாழ்வின் சுகங்களையெல்லாம் கோபாலுக்கு உரியனவாக வாரி வழங்கும் படம், அதே நாகரிகத்தில் ஒரு மிடறு பருகிய பெண்ணைப் பிணமாக்கித் தண்டவாளத்தில் கிடத்துகிறது. பார்ப்போராகிய நாமும் அவள் பாட்டை எடுத்துக்கொண்டு, அவளை விட்டுவிடுகிறோம்.

“கொலைகாரன் கைதாகிறானே! நீதி வெல்கிறதே!” என்று நண்பர்கள் சிலர் வாதிடக்கூடும். கைவிலங்கு பூட்டப்படுவது மெய்தான். ஆனால் அதைப் பூட்டும் கை எது? அவனை நேசிக்கும் கை. சட்டத்தின் பிரதிநிதியாக வந்தவளே கொலைகாரன் மீது காதல் கொண்டு நிற்கும்போது, அவன் உடல் சிறைக்குப் போனாலும் உள்ளங்களின் நீதிமன்றத்தில் அவன் விடுதலையாகிவிட்டான். அவன் செய்தது என்ன? ஒரே ஓர் அறை! அதுவும் அவள் வாய் காட்டியதால்! இருதய நோய் இருந்திராவிட்டால் அவள் செத்திருக்கவும் மாட்டாள்! இவ்வாறு படம் அடுக்கடுக்காகக் கொணரும் சமாதானங்களின் முடிவு, கொன்றவன் கோபால் அல்லன், சித்ராவின் இருதயமே அவளைக் கொன்றது என்பதாகும்.

எமது நாட்டில் 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையிலும் ‘கடுமையானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டல்’ என்றொரு விலக்கு உண்டு. ஆத்திரத்தில் தன்னிலை இழந்து ஒருவன் கொன்றானாயின் அவன் குற்றத்தின் தரம் குறையலாம் என்பது அதன் பொருள். காலனித்துவ காலத்தில் எழுதப்பட்ட அச்சட்டம் கூட, கொன்றவன் அந்த நொடியில் தன்னிலை இழந்தானா என்றே முதலில் கேட்கிறது. எமது திரைக்கதை அந்த வினாவைக் கேட்பதேயில்லை. அது கேட்பது வேறொன்று: “செத்தவள் எப்படிப்பட்டவள்?”

அந்த வினாவை எமது பிள்ளைகள் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். உயர்தர வகுப்பில் இக்கதையைக் கூறி, யார் மீது தவறு என்று நான் கேட்டபோது முதலில் எழுந்த குரல், “அவள் குடிச்சாள்தானே, சேர்” என்பதே. சொன்னவன் கெட்ட பிள்ளையல்லன். சிற்றெறும்பையும் மிதிக்க அஞ்சுபவன். அவனுக்கு அந்த விடையை யார் கற்பித்தார்கள்? பாடநூலில் அது இல்லை. பள்ளிவாசலில் அது போதிக்கப்படவில்லை. இருட்டறையில், இனிய இசையோடு, மாபெரும் நடிகன் ஒருவனின் கண்ணீரோடு அது உட்புகுத்தப்பட்டது. எந்த நடிப்பை நாம் வியக்கிறோமோ, அதே நடிப்பினால்தான் அந்தப் பாடம் அத்தனை ஆழமாய்ப் பதிந்தது. சாமானிய நடிகனாயிருந்தால் நாம் தப்பியிருப்போம்!

தமிழ்த் திரையால் வேறு விதமாகச் செய்திருக்க முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று பத்தாண்டுகளுக்கு முன்னரே வந்திருந்தது. 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்திலும் நாயகன் சிவாஜி கணேசனே. பாடல் ஒன்று கூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். 1943 ஒக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை தொடங்குகிறது. வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். கொன்றவர் யார் என்று துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் ராஜன் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறான். முடிவில் வெளியாவது: அவன் நாட்டின் இரகசியங்களைப் பகைவனுக்கு விற்றவன், அவன் சாவு நேர்ந்தது அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியினால்.

இரு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கணவன்–மனைவி, இரண்டிலும் ஒரு சாவு, இரண்டிலும் மறைக்கப்பட்ட உண்மை. ‘அந்த நாள்’ உஷாவுக்குக் கல்வி உண்டு, அரசியல் உண்டு, கணவனைத் தடுத்து நிறுத்தும் துணிவு உண்டு. அவள் கணவனை நேசித்தவள். அந்த நேசத்தோடே அவனை எதிர்த்து நின்றவள். பண்டரிபாய் ஏற்ற அந்தப் பாத்திரத்தைப் படம் மனச்சாட்சியுள்ள ஒரு மனிதப் பிறவியாக மதித்தது. ராஜனுக்குக் காதற்கிழத்தியாய் இருந்த அம்புஜம் என்னும் நடனமாது கூட அங்கே தன் கதையைத் தானே சொல்ல அனுமதி பெறுகிறாள். சித்ராவுக்கோ அந்த உரிமை இல்லை. அவளைப் பற்றி நாம் அறிவன யாவும் அவளைக் கொன்றவன் சொன்னவை. அவள் வாய் திறந்து பேசும் காட்சிகள் கூட அவன் நினைவிலிருந்து வருபவை. அவள் உருவில் வந்து நின்றவளோ பொலிஸார் அனுப்பிய நடிகை. சித்ராவின் சாட்சியம் படத்தில் எங்குமே பதிவாகவில்லை. எதிர்த்தரப்பு இல்லாத வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ் பயின்றவர்களுக்கு இன்னோர் ஒப்பீடு உடனே நினைவுக்கு வரும். ஆசையும் குற்றமும் சாவும் பின்னிய கதை சிலப்பதிகாரம். மாதவியைக் குறை கூறிக் கோவலனுக்கு அனுதாபம் தேடுவது இளங்கோவுக்கு எத்தனை எளிது! ஆடற்கலையில் தேர்ந்த கணிகை. செல்வத்தைக் கரைத்தவள் என்ற பழி எளிதில் ஒட்டும். ஆயினும் அவர் அவ்வாறு செய்யவில்லை. கானல்வரியில் ஐயம் கொள்பவன் கோவலன்; பிரிந்து செல்பவனும் அவனே. மாதவி ஏங்கி மடல் எழுதுகிறாள்; பின்னர் துறவு பூணுகிறாள். அக்காப்பியத்தின் இசை நுட்பங்களை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகள், சாய்ந்தமருதுக்கு அடுத்த காரைதீவில் பிறந்தவர். எமது மண்ணின் மைந்தரொருவர் பல ஆண்டுகளைச் செலவிட்டு ஆராய்ந்த காப்பியம் ஆடல்மகளை மனிதப் பிறவியாகப் போற்றியிருக்க, நாம் விடுதிப் பாடகி ஒருத்தியின் பிணத்தின் மீது நடந்து சென்று கொலைகாரனைத் தழுவிக்கொள்கிறோம். பழந்தமிழ்ப் பெருமை பேசும் வாய்களுக்கு இது உறுத்த வேண்டும்.

இனி எம்மவரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். முற்போக்குத் திறனாய்வு என்ற பெயரில் இத்தகைய படங்களை நாம் எவ்வாறு தாக்கி வந்தோம்? மாளிகையின் தூண்களை எண்ணினோம். பியானோவின் விலையைக் கேட்டோம். ‘பணக்கார வர்க்கத்தின் நசிவுக் கலை’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். மாளிகையின் தூண்களை எண்ணியவன் கண்ணுக்கு அங்கே கிடந்த பிணம் தெரியவில்லை! வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் பெண் பிரச்சினை தானே தீரும் என்று சொல்லும் தோழர்கள், கூலி உயர்வுக் கூட்டத்தில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி மீது கை ஓங்கும் தொழிலாளியைப் பற்றி என்ன சொல்வார்கள்? கோபாலின் மாளிகை அவனுக்கு இல்லை; கோபாலின் கை அவனுக்கும் உண்டு.

மறுபுறத்தில், “சினிமாவே பாவம், பூட்டிவிடுங்கள்” என்பாரும் உளர். அவர்களுக்கும் சித்ராவைக் கொன்ற படத்துக்கும் உள்ள உறவு அவர்கள் எண்ணுவதைவிட நெருக்கமானது. ஆடிப் பாடிய பெண்ணுக்கு அழிவே முடிவு என்று அவர்கள் சொல்வதைத்தான் படமும் வண்ணத்தில் சொல்லியிருக்கிறது. பாவம் என்று ஒதுக்குவோரும் கலை என்று கொண்டாடுவோரும் இந்த ஒரு புள்ளியில் கைகோத்து நிற்கிறார்கள்.

எமது கரையோரத்துக்கு இதில் தனியான வெட்கம் ஒன்றுண்டு. கல்முனை தொட்டுப் பொத்துவில் வரை எம்மவர் குடிவழி தாய் வழியாக வருவது. திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகின்றன. அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சித்ராவைப் போல ஒருத்தி கணவனின் மாளிகையில் அந்நியளாய்க் கிடக்க வேண்டிய நிலை எம் மரபில் இல்லை. சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவன் கணவனே. தாயும் சகோதரியரும் அடுத்த வேலிக்குள் இருப்பார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த வீட்டைக் கட்டுவதற்காகத் தந்தை கடனாளியாவதும், பெண்களே வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாய் உழைத்துச் சாவதும் அவ்வழக்கத்தின் கொடிய மறுபக்கம். அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை என்பது சிறு விடயமன்று.

அத்தகைய மண்ணிலும் நிகழ்வது என்ன? அடிபட்டவள் முறையிட்டால், உம்மாவும் பெரியம்மாவும் மரைக்காயரும் கூடிக் கேட்கும் முதற் கேள்வி: “நீ என்ன சொன்ன, அவர் அடிக்க?” ‘செத்தவள் எப்படிப்பட்டவள்’ என்று படம் கேட்ட அதே கேள்வியின் ஊர் வடிவம் இது. வீடு அவள் பெயரில் இருக்கிறது; கதை அவன் பெயரில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கோரி முஸ்லிம் பெண்கள் பல தசாப்தங்களாகக் குரல் கொடுத்து வந்துள்ளனர். 2009இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018இல் கையளித்தது, ஒன்பது ஆண்டுகள்! அக்கோரிக்கையை முன்வைத்த பெண்களைப் பார்த்து எழுந்த ஏச்சுகளில் பல அவர்களின் வாதத்தைத் தொடவேயில்லை. அவர்களின் உடையையும் நடத்தையையுமே தொட்டன. மீண்டும் அதே கேள்வி: “இவள் எப்படிப்பட்டவள்?”

இது முஸ்லிம் ஊர்களின் நோய் மட்டும் என்று பக்கத்து ஊரார் நிம்மதி கொள்ள வேண்டாம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் 20.4 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் அத்துணையின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள். ஐவரில் ஒருத்தி! சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எவரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிபட்டவள் நீதவானிடம் சென்று பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்திருக்கிறது. சட்டம் ஏட்டில் உண்டு. நீதிமன்றப் படி ஏறும் பெண்ணைப் பார்த்து ஊர் எறியும் பார்வையோ அந்தச் சட்டத்தைவிட வலியது. அந்தப் பார்வையைத் திரைப்படம் ஒன்றே உண்டாக்கியது என்று சொல்வது அறியாமை. அது படத்துக்கு முன்னரும் இருந்தது. ஆனால் அந்தப் பார்வைக்கு இசையும் கண்ணீரும் கூட்டி, அதனை ஓர் உன்னத உணர்ச்சி போல ஆக்கித் தந்தது இத்தகைய கலை.

ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படத்தைத் தடை செய்யாதீர்கள். மாணவரோடு சேர்ந்து பாருங்கள். ‘அந்த நாள்’ படத்தையும் அடுத்த நாளே காட்டுங்கள். பின்னர் ஒரு பயிற்சி கொடுங்கள்: கோபாலின் கதையைச் சித்ராவின் வாயால் எழுதச் சொல்லுங்கள். விடுதி மேடையில் அவளைக் கண்டு மயங்கியவன் மறுமாதம் அவளைப் பூட்டிவைக்க முனைந்தபோது அவள் என்ன நினைத்தாள்? அவள் ஏன் குடித்தாள்? விட்டுப் போக நினைத்த அந்த இரவில் அவள் எங்கே போவதாக இருந்தாள்? மாணவியர் இதனை எழுதும்போது வகுப்பறையில் ஏற்படும் நிசப்தத்தைக் கவனியுங்கள். சிலர் கற்பனை செய்யத் தேவையில்லாமலே எழுதுவார்கள்.

மாணவத் தோழர்களே, நீங்கள் கோபாலுக்காக அழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொன்றவனும் மனிதனே; அவனுடைய நடுக்கம் மெய்யான நடுக்கமே. ஆனால் கொல்லப்பட்டவளுக்கான கண்ணீரைப் பறித்து அவனுக்குக் கொடுக்காதீர்கள். அந்த அறையை மறுபடியும் பாருங்கள். அவள் செத்ததனால் அல்லவா அது குற்றமாயிற்று? அவள் சாகாமல் எழுந்து நின்றிருந்தால் படமே இல்லை, லதா வந்திருக்க மாட்டாள், பொலிஸ் வந்திருக்காது. கோபால் மறுநாள் காலை தேநீர் அருந்திக்கொண்டிருப்பான். அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுப்பவளும் அவளாகவே இருந்திருப்பாள்.

தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கல்முனைக்குப் புகைவண்டி வருவதில்லை. ஆனால் கிணற்றடியில் கால் வழுக்கியதாகவும், அலுமாரிக் கதவு முகத்தில் அடித்ததாகவும் சொல்லும் பெண்கள் எமது ஊர்களில் உண்டு. அவர்கள் செத்துவிடவில்லை; ஆகையால் எவருக்கும் அங்கே குற்றம் தெரிவதில்லை. அடுத்த முறை அவ்வாறு ஒருத்தி சொல்லக் கேட்டால், அவள் எப்படிப்பட்டவள் என்று கேளாமல், அடித்தவன் யார் என்று கேளுங்கள்.